இறக்கத்தில் ஒரு லாரி: சிமுலேட்டர் ஆட்டங்களின் உண்மைத்தன்மையும் வட்டவடைச் சாலையும்

சரக்கு லாரி ஓட்டுவதைப் போலச்செய்யும் கணினி ஆட்டங்களைக் குறித்த பேச்சில் ஓயாமல் எழும் சொல் 'உண்மைத்தன்மை'. முன்கண்ணாடியில் வழியும் மழைநீர், எஞ்சினின் உறுமல், ஓட்டுநர் அறையின் பொத்தான்கள் என்று கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவற்றைக் கொண்டே அது பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. லாரி ஓட்டுதல் ஏன் கடினமானது என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை. ஒவ்வோர் ஆட்டமும் உண்மையான சாலையிலிருந்து சில கடினங்களை எடுத்துக்கொள்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது. எடுத்ததையும் விட்டதையும் வரிசைப்படுத்தினால், ஓட்டுதல் என்ற செயலைக் கணினி கடந்த 50 ஆண்டுகளில் எவ்வாறு புரிந்துகொண்டது என்பதன் வரலாறு கிடைக்கும். அந்த வரலாற்றை உரசிப் பார்க்க ஓர் உரைகல் வேண்டும். இடுக்கி மாவட்டத்தின் வட்டவடையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு சமவெளிக்கு இறங்கும் சாலை அதற்குப் பொருத்தமானது.

வட்டவடை, தேவிகுளம் வட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மலை ஊராட்சி. தமிழ் பேசும் உழவர்கள் படிக்கட்டு வயல்களில் வெள்ளைப்பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ் விளைவிக்கிறார்கள். மலைமேல் கோடு பிடித்தாற்போலப் பார்த்தால் கொடைக்கானல் பக்கத்துக் கிளாவரை மிக அருகில் இருக்கிறது. சரக்கு லாரி செல்லத்தக்க சாலைதான் அந்தப் பக்கம் இல்லை. ஆகவே கோவிலூரில் ஏற்றப்படும் பாரம், பாம்பாடும் சோலைத் தேசியப் பூங்காவின் குறுகிய காட்டுச் சாலையைக் கடந்து, எல்லையில் அமைந்த டாப் ஸ்டேஷனைத் தொட்டு, குண்டளை, மாட்டுப்பெட்டி வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சுற்றி மூணாறுக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு வழி மறையூர், சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கும், மற்றொன்று போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகள் வழியாகப் போடிநாயக்கனூருக்கும் இறங்குகின்றன.

இம்மலையிலிருந்து பாரத்தை இறக்குவது எக்காலத்திலும் பெருஞ்சிக்கலாகவே இருந்து வந்துள்ளது. 1902இல் மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே எவிங் முறையிலான ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. வண்டிகளை மாடுகள் இழுத்தன. 1908இல் அதன் இடத்தில் குறுகிய அகலத்தில் இலகு ரயில் வந்தது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிநாயக்கனூரை அடைந்தன. இந்த ஏற்பாட்டின் நுட்பம், செங்குத்தான இறக்கத்தை மனிதக் கையிலிருந்து எடுத்துக் கம்பிவடத்திடம் ஒப்படைத்ததில் உள்ளது. மலையாள ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் '99ஆம் ஆண்டு வெள்ளம்' எனப்படும் 1924இன் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் கட்டப்படவில்லை. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தபோதும் மலைக்கும் ரயிலுக்கும் இடைப்பட்ட இறக்கம் எஞ்சியிருந்தது. பின்னர் அந்த இறக்கம் முழுவதும் லாரி ஓட்டுநரின் பொறுப்பாயிற்று. கம்பிவடம் சுமந்த கடினத்தை அவருடைய காலும் கையும் சுமக்கத் தொடங்கின.

அந்தக் கடினத்தின் அளவைப் பள்ளி இயற்பியலைக் கொண்டே கணக்கிடலாம். பாரத்துடன் 16 டன் எடையுள்ள லாரி 1000 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறத்தாழ 157 மெகா ஜூல் ஆற்றல் வேறு வடிவம் பெற்றாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் உள்ள 450 லிட்டருக்கு மேற்பட்ட நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். போடிமெட்டு இறக்கம் ஏறத்தாழ இந்த அளவினது. இவ்வெப்பத்தின் பெரும்பகுதியைப் பிரேக்கே ஏற்க நேர்ந்தால், டிரம் சூடேறி விரியும், உராய்வுப் பட்டைகளின் பிடிப்பு குறையும், மிதித்த மிதிக்கு வண்டி நிற்காது. அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழம்பாடம் ஓட்டுநர்களிடையே வழங்குகிறது. குறைந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். எக்ஸாஸ்ட் பிரேக் அதற்குத் துணை நிற்கும். ஏற்றத்தில் பிழை செய்தால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் பிழை செய்தால் நிற்காது.

இனி ஆட்டங்களின் வரலாற்றுக்கு வரலாம். போலச்செய்யும் பயிற்சிப் பொறியின் முன்னோடி வானூர்திக்காக உருவானது. நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டனில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்கு உரிய துருத்திகளைக் கொண்டு 1929இல் ஒரு விமானப் பயிற்சிப் பொறியைக் கட்டினார். தரையைவிட்டு எழாமலேயே பிழை செய்யவும் அதிலிருந்து கற்கவும் அது இடம் தந்தது. சாலை ஆட்டங்கள் வேறு திசையிலிருந்து வந்தன. 1976இல் அட்டாரி வெளியிட்ட 'நைட் டிரைவர்' கருந்திரையில் வெள்ளைக் கம்பங்களை மட்டும் காட்டியது. கம்பங்கள் விலகி ஓடுவதே சாலையாயிற்று. அது எடுத்துக்கொண்ட ஒரே கடினம் வேகம். அதன் பின் நெடுங்காலம் சாலை ஆட்டம் என்றால் வேக ஆட்டம் என்றே பொருள்பட்டது.

வேகத்தைக் கைவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை 1995இல் உருவான 'டெசர்ட் பஸ்' கேலியாகக் காட்டியது. பென், டெல்லர் என்ற அமெரிக்க மாயவித்தை இணையருக்காகச் செய்யப்பட்ட தொகுப்பில் அது ஒரு பகுதி. அத்தொகுப்பு அப்போது கடைக்கு வரவில்லை. டூசானிலிருந்து லாஸ் வேகாஸ் வரை 8 மணி நேரம், மணிக்கு 72 கிலோமீட்டருக்கு மிகாமல், நேரான பாலைவனச் சாலையில் பேருந்தை ஓட்ட வேண்டும். இடையில் நிறுத்தி வைக்க வழியில்லை. பேருந்து சற்றே வலப்பக்கம் இழுக்கும் என்பதால் ஸ்டீயரிங்கை விடவும் முடியாது. சென்றடைந்தால் பரிசு 1 புள்ளி. ஆட்டங்களில் உள்ள வன்முறையைக் கண்டு எழுந்த அச்சத்தைப் பகடி செய்யவே இது உருவாக்கப்பட்டது. எனினும் கோட்பாட்டளவில் ஒன்றை நிறுவிவிட்டது: நேரத்தையும் தூரத்தையும் அப்படியே பெயர்த்து வைத்தால் சலிப்பு மட்டுமே உண்மையாகக் கிடைக்கும். அதன் பின் வந்த லாரி ஆட்டங்கள் அனைத்தும் இந்தச் சலிப்போடு செய்துகொண்ட உடன்பாடுகளே.

1998இல் ரஷ்யாவின் நோவசிபிர்ஸ்க் நகரத்துச் சாஃப்ட்லேப் நிறுவனம் 'ஹார்ட் டிரக்' என்ற ஆட்டத்தை உருவாக்கியது. வேகத்தின் இடத்தில் அங்கே பாரம் வந்தது. செக் நாட்டுத் தலைநகர் பிராகாவின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2002இல் '18 வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' வரிசையைத் தொடங்கி, 2008இல் 'யூரோ டிரக் சிமுலேட்டர்', 2012இல் அதன் இரண்டாம் பாகம், 2016இல் 'அமெரிக்கன் டிரக் சிமுலேட்டர்' எனத் தொடர்ந்தது. இரண்டாம் பாகம் ஐரோப்பாவை ஏறத்தாழ 19இல் 1 பங்காகச் சுருக்கியது. நாடுகளைக் கடக்கும் பயணம் ஒரு மாலைப் பொழுதுக்குள் அடங்கியது. அமெரிக்க ஆட்டம் முதலில் 35இல் 1 என்ற அளவில் வந்து, அது மிகக் குறுகல் என உணரப்பட்டதால் அதே ஆண்டின் இறுதியில் 20இல் 1 என விரிக்கப்பட்டது. சலிப்புக்கும் தூர உணர்வுக்கும் இடைப்பட்ட சமநிலை இவ்வாறு ஒரு விகிதமாக எழுதப்பட்டது.

இவ்வாட்டங்களின் அமைப்புப் பக்கத்தைப் படிப்பது, உண்மைத்தன்மையைக் குறித்த ஓர் ஆவணத்தைப் படிப்பதற்கு ஒப்பானது. கியரைத் தானே மாற்றலாம், தானியங்கியிடமும் விடலாம். லாரியின் நிலைப்பையும் இழுவைப் பெட்டியின் நிலைப்பையும் கூட்டலாம், குறைக்கலாம். காற்று பிரேக்கின் அழுத்தத்தைக் கணக்கில் சேர்க்கலாம். ஓட்டுநரின் களைப்பையும் போக்குவரத்து அபராதத்தையும் அணைத்துவிடலாம். உண்மை என்பது இங்கே விசைகளின் பட்டியல். ஒவ்வொரு விசையும் ஆட்டக்காரர் தாமே விரும்பி ஏற்கும் ஒரு கடினம். சாலையில் இருப்பவருக்கு அத்தகைய விசைகள் இல்லை. களைப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். இந்தியாவிலும் 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும் 5 மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வையும் விதித்தது. ஆட்டத்தில் களைப்பு, திரை இருண்டு தெளிவதாகக் காட்டப்படுகிறது. அழுகும் பண்டத்தை ஏற்றி வரும் லாரியில் அது பண்டத்தின் ஆயுளோடும் சந்தை நேரத்தோடும் போட்டியிடுகிறது.

வேறு சில ஆட்டங்கள் வேறு கடினங்களைத் தேர்ந்தன. 2014இன் 'ஸ்பின்டயர்ஸ்', அதன் வழிவந்த 2020இன் 'ஸ்நோ ரன்னர்' ஆகியவற்றில் எதிரி, சேறு. சக்கரம் பதிந்த இடத்தில் நிலம் குழிகிறது. பல மணி நேர உழைப்பு ஒரே பள்ளத்தில் சிக்குகிறது. 'பீம்என்ஜி.டிரைவ்' வண்டியின் உடலை வளையும் உறுப்புகளின் தொகுதியாகக் கணக்கிடுகிறது. பிரேக்கின் வெப்பத்தையும், வெப்பத்தால் பிடிப்பு தளர்வதையும் கணக்கில் கொள்கிறது. போடிமெட்டு இறக்கத்தின் 157 மெகா ஜூலைக் கணினி அறியத் தொடங்கிவிட்டது என்றே சொல்லலாம். பொருளுலகத்தின் கடினங்கள், அதாவது எடை, சரிவு, வெப்பம், சேறு ஆகியவை, ஒவ்வொன்றாகக் கணக்குக்குள் வந்துவிட்டன.

இந்நிலையில், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளைஞர்களைப் பெருமளவில் ஈர்த்தது இவற்றுள் எதுவும் அன்று. இந்தோனேசியாவின் மலியோ நிறுவனம் 2017இல் கைப்பேசிக்காக வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'தான் அது. கேரள அரசுப் பேருந்து, தமிழ்நாட்டு அரசுப் பேருந்து, தனியார் சுற்றுலாப் பேருந்து, சரக்கு லாரி என்று எண்ணற்ற வண்டிகளையும் வண்ணங்களையும் இங்குள்ளோர் உருவாக்கி அதில் ஏற்றினர். இயற்பியல் நுட்பத்தில் அது பிராகா ஆட்டங்களுக்கு ஈடாகாது. அப்படியிருந்தும் அது 'நம் சாலை' போலத் தோன்றியதற்கு வண்ணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இந்தோனேசியாவிலும் வண்டிகள் இடப்பக்கமே செல்கின்றன. சாலைகள் குறுகலானவை, இருசக்கர வண்டிகள் மிகுந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக அவ்வாட்டம் ஹாரனை ஒரு சிறப்புக் கூறாகக் கொண்டாடியது. பேருந்துகளின் இசை ஹாரனைக் கேட்டுச் சிறுவர் சாலையோரம் கூவும் வழக்கம், 2016இல் 'ஓம் தெலோலெட் ஓம்' என்ற தொடராக உலகெங்கும் பரவியதை நினைவுகூரலாம். ஓட்டுநர் பேசுகிறார், சாலை கேட்கிறது என்பது அங்கே ஆட்டத்தின் பகுதியாயிற்று.

இங்குதான் வட்டவடைச் சாலை தன் முதன்மையான கேள்வியை எழுப்புகிறது. குறுகிய காட்டுச் சாலையின் வளைவொன்றில் இரு லாரிகள் எதிரெதிரே வந்துவிட்டால் யார் ஒதுங்குவது? சட்டம் தெளிவானது. மலைச் சாலையில் இடம் போதாவிடில் இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளே கூறின. ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம் என்பது இதன் அடிப்படை. வட்டவடையில் இந்த அடிப்படையே புரண்டுவிடக்கூடும். இங்கே விளைச்சல் மேலிருந்து வெளியே செல்கிறது. பாரத்தோடு இறங்கும் லாரிக்கு எதிரே ஏறி வருவது பெரும்பாலும் வெற்று லாரி. பாரம் ஏற்றிய வண்டியை ஏற்றத்தில் பின்னெடுப்பது, வெற்று வண்டியைச் சற்றுக் கீழே பின்னெடுப்பதைவிடப் பன்மடங்கு அரிது. விரிந்த இடம் யாருக்கு அருகில், பள்ளத்தின் பக்கம் இருப்பவர் யார், யாருக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் என்பனவும் சேர்ந்துகொள்ளும். விதி ஒன்று, சூழல் ஒவ்வொரு முறையும் வேறு. தீர்வு, இரு ஓட்டுநர்களுக்கு இடையே சில நொடிகளில் நடக்கும் உரையாடலில் பிறக்கிறது.

அந்த உரையாடலுக்கு ஒரு மொழி உண்டு. வளைவுக்கு முன் நீண்ட ஹாரன், முகப்பு விளக்கின் இமைப்பு, சன்னலுக்கு வெளியே நீட்டிய கை, கடந்தபின் சிறு ஒலி. இக்குறிகளின் பொருள் அகராதியில் இல்லை. விளக்கை இமைத்தால் 'நான் வருகிறேன், நில்' என்றும் பொருள். 'நான் நிற்கிறேன், நீ வா' என்றும் பொருள். முன்னே செல்லும் லாரியின் வலப்பக்கச் சிக்னல், திரும்பப் போவதையும் உணர்த்தலாம். முந்திச் செல்ல இசைவையும் உணர்த்தலாம். மொழியியலில் 1975இல் பால் கிரைஸ் முன்வைத்த கருத்து இங்கே பொருந்தும்: கேட்பவர், சொல்பவரின் ஒத்துழைப்பை நம்பி, சூழலிலிருந்து உட்பொருளை ஊகிக்கிறார். மலைச் சாலையில் அந்த ஊகம் தவறினால் விளைவு வெறும் பொருள்மயக்கமாக நின்றுவிடாது. சொற்களிலும் இந்த எல்லைக்கே உரிய பொதுமை தென்படுகிறது. 'வண்டியை ஒதுக்கு' என்பது தமிழ் ஓட்டுநருக்கும் மலையாள ஓட்டுநருக்கும் விளக்கம் வேண்டாத தொடர். சைடு, லோடு, ரிவர்ஸ் ஆகியவை இருவர்க்கும் சொந்தம்.

கணினி ஆட்டங்களின் எதிர்வரும் வண்டிகளுக்கு இம்மொழி தெரியாது. அவை வரையப்பட்ட தடத்தில் முன்னுரிமை விதிப்படி செல்கின்றன. விளக்கை இமைத்துக் கெஞ்சினாலும் பின்னெடுத்து விரிந்த இடத்துக்குச் செல்வதில்லை. ஸ்நோ ரன்னரில் எதிர்வரும் போக்குவரத்தே இல்லை. பின்னெடுத்தலையும் எண்ணிப் பார்க்கலாம். யூரோ டிரக் சிமுலேட்டரில் இழுவைப் பெட்டியைக் குறுகிய இடத்தில் பின்னெடுத்து நிறுத்துவது தனித்திறனாகக் கருதப்பட்டுக் கூடுதல் புள்ளி பெறுகிறது. நம் லாரிகளில் அது இருவர் செய்யும் வேலை. கிளீனர் பின்னால் நின்று 'வரட்டும், வரட்டும், போதும்' எனக் குரல் கொடுக்கிறார், உடற்பலகையைத் தட்டுகிறார், தேவைப்பட்டால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார். ஓட்டுநர் காண முடியாததை மற்றொருவரின் குரலால் காண்கிறார். ஆட்டம் தனிமனிதத் திறனாக எண்ணியது, சாலையில் நம்பிக்கையின் வடிவமாக இருக்கிறது.

இதற்கு எதிர்ச்சான்று போலத் தோன்றுவது பலர் சேர்ந்து ஆடும் வடிவம். 2014இல் தொடங்கிய 'டிரக்கர்ஸ் எம்.பி.', 2021இல் எஸ்.சி.எஸ். தானே சேர்த்த 'கான்வாய்' ஆகியவற்றில் எதிரே வருவது மனிதர் ஓட்டும் லாரி. டிரக்கர்ஸ் எம்.பி.யில் கலே நகருக்கும் டூயிஸ்பர்க் நகருக்கும் இடைப்பட்ட ஒரு சாதாரணச் சாலை நெரிசலுக்கும் மோதலுக்கும் பெயர் பெற்றுவிட்டது. அதே ஆட்டம், அதே இயற்பியல். மனிதர் எதிரே வந்ததும் கடினம் முற்றிலும் வேறாகிவிட்டது. உடனே விளக்கு இமைப்பும், வழிவிட்டதற்கு நன்றி கூறும் சிமிட்டலும், வழிவிடாததற்கு வசவும் தோன்றின. உண்மையில் இது மேற்சொன்ன கருத்தையே உறுதிசெய்கிறது. ஓட்டுதலின் கடினத்தில் ஒரு பெரும்பங்கு எதிரே வருபவரிடம் இருக்கிறது. எவ்வளவு நுட்பமான இயற்பியலும் அதை ஈடுசெய்யாது. மாட்டுப்பெட்டிச் சாலையில் எதிரே வருபவர் மனிதராகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூணாறுப் பகுதியில் 'படையப்பா' என்று பெயரிடப்பட்ட கொம்பன் யானை வழியில் நின்றால், ஹாரனை அடிக்காதிருப்பதும் காத்திருப்பதுமே அங்கு ஓட்டுதல்.

இது ஆட்ட விமரிசனத்தோடு முடியும் செய்தி அன்று. ஓட்டுநர் பயிற்சியிலும் சிமுலேட்டர்கள் இடம்பெற்றுவிட்டன. எது கணக்குக்குள் வந்ததோ அதுவே திறன் என்று பதிவாகிறது. வராதது திறனாகவே அறியப்படாமல் போகும். பிரேக்கின் வெப்பத்தை எண்ணால் எழுத முடிந்ததால் அது பாடமாயிற்று. வளைவில் யார் ஒதுங்குவது என்ற தீர்மானம் கிளீனர் இருக்கையிலிருந்து ஓட்டுநர் இருக்கைக்கு, பார்த்தும் கேட்டும் கடந்து வந்த அறிவு. ஆள் குறைப்பில் அந்த இருக்கை காலியாகும் லாரிகளில் அந்தப் பள்ளிக்கூடமும் மூடப்படுகிறது. தமிழ்த் தொழிற்சொற்களைத் தொகுக்கும் முயற்சிகள் உழவு, நெசவு, மீன்பிடி ஆகியவற்றில் நிகழ்ந்துள்ள அளவுக்குச் சாலையில் நிகழவில்லை. ஹாரனின் நீளம், விளக்கின் இமைப்பு, பலகையில் தட்டும் தட்டு ஆகியவற்றையும் அவை பொருள் பெறும் சூழல்களையும் வட்டவடை, போடிமெட்டு போன்ற வழித்தடங்களில் பதிவு செய்வது மொழியியல் மாணவர் மேற்கொள்ளத்தக்க களப்பணி. அத்தொகுப்பு உருவானால், பாரம் ஏற்றி இறங்கும் லாரிக்கு எதிரே வரும் வெற்று லாரி ஏன் சில வேளைகளில் விதியை மீறித் தானே பின்னெடுக்கிறது என்பதை ஆட்டத்தை எழுதுபவரும் பயிற்சிப் பாடத்தை வகுப்பவரும் அறிந்துகொள்ள இயலும்.